எட்டு ரூபாய் பாக்கி

டிக்கெட்டின் பின்னால் நடத்துனர்
எட்டு என்று கிறுக்கியிருந்தார்.
அதன் பக்கத்திலேயே போட்டுப் பார்த்தேன்:
மாதம் பதினோராயிரத்து நானூறு, ஏழு வருடம்,
பெட்ரோல் தனி.
இடம் போதவில்லை.

முருங்கப்பாக்கம் வந்துவிட்டால்
எல்லா வண்டியும் ஒரே வேகம்தான்.
ஃபிலோமினாவின் புதுக் கார் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறது;
பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பை மட்டும்.
என் தோளில் முன்பின் தெரியாத ஒருவரின் தூக்கம்.

ஏசிக்காக இல்லை இந்த ஆசை.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
சத்தமாக அழ ஓர் இடம்.
பஸ்ஸில் அழுதால்
மூன்று பேர் தண்ணீர் பாட்டில் நீட்டுவார்கள்,
ஒருத்தி எந்த ஊர் என்பாள்,
இறங்கும்போது உன் பையையும் தூக்கிக்கொடுப்பாள்.

மஞ்சக்குப்பத்தில் இறங்கி
சைக்கிள் சீட்டின் காக்கை எச்சத்தைத் துடைக்கிறேன்.
தேவனாம்பட்டினம் சாலை முழுக்க
கடல்காற்று எதிரில்.
இங்கே கண்ணில் நீர் வழிந்தால்
காற்றின் மேல் பழி போட்டுவிடலாம்.

பாதி வழியில் ஷோரூம்காரர் அழைக்கிறார்:
"என்ன மேடம், முடிவு பண்ணிட்டீங்களா?"
ஒரு காலை ஊன்றி நின்று சொல்கிறேன்:
"எட்டு ரூபாய் வரவேண்டியிருக்கு.
நாளைக்கு அதே பஸ்தான்."