ஆற அமர

பதினாறு வருஷம் அவசரப் பிரிவில் ஓடினேன்.
அங்கே கடிகாரத்தில் நொடிமுள் மட்டும்தான் உண்டு.
கதவு திறக்கும், சக்கரம் அலறும்,
யாரோ ஒருவரின் சட்டையைக் கத்தரியால் பிளப்பேன்.
பிழைத்தவர் மேல்மாடிக்கு,
பிழைக்காதவர் கீழே.
அதற்குப் பிறகு அவர்கள் கதை எனக்குத் தெரியாது.
முதல் பக்கம் மட்டும் கிழித்துக் கையில் கொடுத்த
ஆயிரம் நாவல்கள் படித்திருக்கிறேன்.

முதுகு ஒருநாள் மாட்டேன் என்றுவிட்டது.
"கால்புண் கிளினிக்கில் ஆள் கேட்கிறார்கள், இஷ்பெல்"
என்றாள் தலைமை நர்ஸ்,
வண்டியிலிருந்து கிழக்குதிரையை அவிழ்ப்பவளின் குரலில்.
"கடைசியில் உனக்கும் கால்கட்டு!" சிரித்தான் ரோரி.
கேக் வெட்டினோம்.
கழிப்பறையில் போய் அழுதேன்,
திரும்பி வந்து இரண்டாவது துண்டும் சாப்பிட்டேன்.

பீட்டர்ஹெட் துறைமுகத்தில்
மீன் ஏலக்கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி
ஜன்னலில் கடற்புறா எச்சம் வழியும் ஓர் அறை.
ஒரு வாளி வெந்நீர், நான்கு அடுக்குக் கட்டுத்துணி,
காகித அளவுகோல்.
செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டூகி வாட்,
இழுவைப்படகில் சமையல்காரராக இருந்தவர்.
இடது கணுக்காலுக்கு மேலே
ஒன்பது ஆண்டாக மூடாத ஒரு வாய்.
நாற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டபடியே காலுறையைக் கழற்றினார்.
பேருந்தில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி, என்றார்,
காற்று வடக்கிலிருந்து வீசுகிறது என்பதுபோல.

முதல் மாதம் கை பரபரத்தது.
தூரத்தில் ஆம்புலன்ஸ் ஊளையிட்டால்
உட்கார்ந்திருக்கும்போதே என் கால் தரையை உந்தும்.
இங்கே ஓட ஒன்றுமில்லை.
கழுவு. ஒற்று. அள. சுற்று.
விரலடியிலிருந்து முழங்கால் வரை,
பாதிமேல் பாதி ஏறி வர, ஒரே இழுப்பில்.
இறுக்கினால் ரத்தம் நிற்கும்,
தளர்த்தினால் வீக்கம் நிற்கும்.

வாரந்தோறும் கண்ணாடித்தாள் வைத்து
புண்ணின் கரையை மையால் வரைந்து தேதி போடுவேன்.
மார்ச்: நாலு சென்டிமீட்டர், எட்டு மில்லிமீட்டர்.
ஏப்ரல்: அதுவே.
மே மாதம் கூடியது.
மகளோடு சண்டை, கோபத்தில் கட்டை அவரே பிய்த்துவிட்டார்.
திட்டினேன். அவரும் திட்டினார்,
அதில் பாதி வசவுகள் நான் கேட்டே இராதவை.
அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு வந்து நின்றார்
புகைபோட்ட மீன் பொட்டலத்தோடு.
சமாதானமா மிரட்டலா தெரியவில்லை, வாங்கிக்கொண்டேன்.

ஜூலையில் ஓரம் இளஞ்சிவப்பாகி
உள்நோக்கி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது.
ஒரு மில்லிமீட்டர்.
மூன்று முறை அளந்தேன்.
நின்ற இதயத்தை இந்தக் கைகளால் ஓடவைத்த இரவில்கூட
நான் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதில்லை.

ஜன்னல் வெளிச்சத்தில் தாள்களை
ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தோம்.
"தீவு மூழ்குது" என்றார்,
கடல் வரைபடம் பார்த்துப் பழகிய கண்ணைச் சுருக்கி.
ஜனவரியில் மொச்சை அளவு.
பிறகு பருப்பளவு.
பிறகு ஒரு செவ்வாய், வரைவதற்கு எதுவுமில்லை.
வெற்றுத்தாளில் தேதி மட்டும் போட்டேன்.

டூகி பேசவில்லை.
பையிலிருந்து இடது கால் ஷூவை எடுத்தார்,
ஒன்பது ஆண்டுக்கு முன் வாங்கிய ஜோடி.
வலது தேய்ந்து, மடிந்து, உப்பு பூத்துப்போயிருந்தது.
இடது, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததுபோலவே.
நாடாவைக் கட்டத் தெரியாதவர்போல நேரம் எடுத்துக்கொண்டார்.
நடைக்கூடத்தில் அவர் போவதைக் கேட்டேன்:
ஒரு கால் பழைய சத்தம், ஒரு கால் புதுச் சத்தம்.

போரடிக்கவில்லையா என்று ரோரி கேட்கிறான்.
பத்து மணி இடத்துக்கு இப்போது
ஜெசிமா ரிட்சி வருகிறாள்,
இரண்டு காலிலும், பன்னிரண்டு வருஷம்.
வெட்கத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் அமர்ந்திருக்கிறாள்.
வாளி நீரில் முழங்கையை வைத்துப் பார்க்கிறேன்.
இன்னும் சூடு.
அவசரமில்லை ஜெசிமா,
கொஞ்சம் ஆறட்டும்.