ஏழு நிமிடம் முந்திய மணிக்கூடு

ஆறாம் வாட்டின் மணிக்கூடு
ஏழு நிமிடம் முந்தி ஓடும்.
அது எல்லோருக்கும் தெரியும்.
மருந்து கொடுத்த நேரம், சிறுநீர் அளந்த நேரம்,
எதை எழுதினாலும்
ஏழைக் கழித்துத்தான் எழுதுவோம்.
திருத்துவதற்கு ஏணி வேண்டும்.
ஏணிக்குக் கடிதம் போய்
இரண்டு மாரி கழிந்துவிட்டது.

பதினாலாம் கட்டில், மரிசலீன் யோண்பிள்ளை,
அறுபத்தெட்டு வயது, பாசையூர்.
ஒருநாளும் என்னை டொக்டர் என்றதில்லை.
"பிள்ளை, இந்த ஒக்சிசன்
சோளகம் மாதிரி இரையுது,
நித்திரை வருகுதில்லை."
நீர் கட்டிய காலை நான் கட்டைவிரலால் அமுக்க
விழுந்த குழி நிரம்பக் கனநேரம் எடுக்கும்.
எட்டிப் பார்த்துச் சிரிப்பார்:
"நண்டு வளை."

அன்று விடியப்புறம்
முப்பது அமுக்கல், இரண்டு மூச்சு.
பயிற்சி அறையின் ரப்பர் நெஞ்சு
சரியாக அமுக்கினால் 'கிளிக்' என்று சொல்லும்.
இது
முருங்கைக்காய் முறிகிற சத்தம்.
என் உள்ளங்கைக்குக் கீழே.
"நிப்பாட்டாதை" என்றான் துஷிகரன்.
நான் நிப்பாட்டவில்லை.
மூத்தவர் வந்து தோளைத் தொட்ட பிறகும்
கை இரண்டு தரம் அமுக்கியது.

கண்ணுக்குள் ரோச் வெளிச்சம்.
ஸ்டெதஸ்கோப்பில்
ஒன்றுமே இல்லாத ஒரு நீண்ட நேரம்.
நிமிர்ந்து பார்த்தேன், மூன்று நாற்பத்தேழு.
அப்படியே எழுதினேன்.

வெளி வாங்கிலில் அவருடைய மனைவி,
மடியில் ஒரு பை, பைக்குள் அவருடைய செருப்பு.
வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள்:
பக்கத்தில் இருந்து கதையுங்கள்.
'இறந்துவிட்டார்' என்றே சொல்லுங்கள்.
'போய்விட்டார்' என்றால்
எந்த வாட்டுக்கு என்று கேட்பார்கள்.

சொன்னேன்.
அவர் அழவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டார்.
மூன்று நாற்பத்தேழு என்றேன்.
"நான் செபமாலை முடிக்கேக்கை மூண்டே முக்கால்,
ரெலிபோனிலை பாத்தனான்.
அப்ப, முடியுமட்டும் இருந்திருக்கிறார்"
என்று தனக்குத்தானே தலையாட்டினார்.

அப்போதுதான் எனக்கு அந்த ஏழு ஞாபகம் வந்தது.

பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு
கட்டில் சீட்டுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ.
ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையெழுத்து,
அவ்வளவுதான் வேலை.

எட்டு மணிக்குப் பேராசிரியர் சுற்றி வந்தார்.
வாசித்தேன்: மூன்று நாற்பத்தேழு.
துஷிகரன் மணிக்கூட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
பதினைந்தாம் கட்டிலின் உப்புக் கணக்கைச் சொல்லத் தொடங்கினான்.
பிறகு கன்ரீனில்
மூன்று றோல்ஸ் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றான்,
ஒரு சொல்லும் பேசாமல்.
குருநாகலிலிருந்து வந்த நிமேஷா
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
உள்ளேயே இருந்தாள். உடுப்பு நனையவில்லை.
நான் கொக்குவிலுக்குப் போனேன்.
மத்தியானம் முருங்கைக்காய்க் கறி.
உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கியதைப் பார்த்து
அம்மா என்னவென்று கேட்டா.
வயிற்றெரிவு என்றேன்.
மருந்து படிக்கிறவளுக்கே வயிற்றெரிவோ என்றா.

பின்னேரம் திரும்பிப் போக
பதினாலில் ஒரு பெடியன், டெங்கு,
விளையாட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான்.
அவனில் எனக்கு ஏன் கோபம் வந்தது?

ஏணி வந்தது ஆவணியில்.
காற்சட்டையை மடித்துக்கொண்டு ஒருவர் ஏறினார்.
வேண்டாம் என்று சொல்ல
என்னிடம் ஒரு காரணமும் இல்லை.
முள்ளைப் பின்னுக்குத் தள்ளும்போது
கண்ணாடித் தூசி நேர்ஸின் மேசையில் கொட்டியது.

இப்போது நேரம் சரி.
என் கைதான் இன்னும்
ஏழைக் கழித்து எழுதுகிறது.
ஒரு கோட்டால் வெட்டி,
பக்கத்தில் கையெழுத்துப் போட்டு,
திருப்பி எழுதுகிறேன்.