மூன்றாம் பதிப்பு

ஸ்காபரோ, மார்க்கம் வீதி,
பல் வைத்தியருக்கு மேல்மாடி.
நாலு மேசை, இரைகிற ஒரு ஹீற்றர்.
நாங்கள் விற்பது சீட்டு.
செயலியாக்கிவிட்டோம்:
கூறல் விரல் நுனியில்,
கழிவுக் கணக்கு ஒரு நொடியில்.

முதலீட்டாளர் கிரெய்க் கேட்டார்,
"ஈடு என்ன?"
துஷாந்தினி சொன்னாள், "முகம்."
அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

இரண்டாம் பதிப்பில் எல்லாம் வேகம்.
ஒருவரும் ஒருவர் வீட்டுக்கும் போகத் தேவையில்லை.
ஆறு மாதத்தில் பதினொரு பேர்
எடுத்த கையோடு காணாமற் போனார்கள்.
திட்டுவதற்குக்கூட
எங்களுக்கு முகம் தெரியவில்லை.

பனி கொட்டிய செவ்வாய் இரவு
துஷாந்தினி ஒரேயொரு பொத்தான் சேர்த்தாள்.
காசு எடுக்க முன்
சீட்டில் இருக்கிற யாராவது வீட்டுக்குப் போகவேணும்;
வீட்டுக்காரர் அழுத்தவேணும்:
'தேத்தண்ணி குடிச்சாச்சு.'

போட்டிக் கம்பனி ஒன்று
பொத்தானை அப்படியே களவெடுத்தது.
அவர்களிடம் கேத்தில் இல்லை.

இப்போது ஓடுகிறவர்கள் குறைவு.
நேற்று வந்த முறைப்பாடு ஒன்றே ஒன்று:
மல்வேர்ன் பக்கம் ஒரு வீட்டில்
சீனி கூடவாம்.