பால் உறையுமுன்

குலசேகரத்துக்கு மேலே
சிக்னல் ஒற்றைக் கோடாய் வந்து வந்து போகும் தோட்டத்தில்
காலை நாலே முக்காலுக்கு
நேசபாயின் நெற்றி விளக்கைத் தொடர்ந்து நடந்தேன்.
காலில் ஆபீஸ் செருப்பு.
அட்டை ஏறியது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

நாகர்கோவிலில், ஏசி அறையில்,
ஏழு பேர் ஆறு மாதம் வரைந்த செயலி
அவள் போனில் இருந்தது.
ஷீட் விலை பார்க்க, எடை பதிய, வண்டி கூப்பிட.
வெள்ளையின் மேல் மெல்லிய சாம்பல் எழுத்து.
அந்தச் சாம்பலுக்குக் கைதட்டியிருக்கிறோம்.

வெட்டு முடிந்து
சிரட்டைகளில் பால் சொட்டும் இடைவேளையில்
திறந்தாள்.
விரலை வை என்றது திரை.
வைத்தாள். பொருந்தவில்லை.
நைட்டியில் துடைத்து வைத்தாள்.
பொருந்தவில்லை.
பதினோரு வருடப் பால் காய்ந்து காய்ந்து
இன்னொரு தோல் போர்த்திய விரல்;
ரேகையை எங்கே போய்த் தேடும் அது?

ரகசிய எண் போட்டு உள்ளே போனாள்.
முதல் பக்கம் எங்கள் நிறுவனத்தின் கதை.
இரண்டாவது பக்கம் நாங்கள் வாங்கிய விருது.
மூன்றாவதில் ஒரு பொத்தான்: சமர்ப்பி.
"என்னத்த? காணிக்கையா?"
சிரித்துக்கொண்டே அழுத்தினாள்,
பட்டாணி அளவுப் பொத்தானை
அவரைக்காய் அளவு விரலால்.
பக்கத்துப் பொத்தானில் பட்டது.

தவறான உள்ளீடு, என்றது சிவப்பில்.
எது தவறு, எங்கே, இனி என்ன செய்ய,
ஒன்றும் சொல்லவில்லை.
சிரிப்பு நின்றது.
"நான் எட்டாங்கிளாசு வரத்தான் பிள்ளே.
தப்பு எனக்கதுதான்."

அந்தச் சிவப்பு வரியை எழுதியது நான்.

பால் உறைந்துவிடும் என்று வாளியோடு எழுந்தாள்.
போன் ஒரு கல்லின் மேல் கிடந்தது.
திரும்பி வரும்போது
நேரம் முடிந்தது, மீண்டும் தொடங்கவும்
என்று அதிகாரி போல் உட்கார்ந்திருந்தது.

நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இடது மேலிருந்து வலது கீழே
சரிவாய் ஒரே கீறல்.
முடிவில் ஒரு தகரச் சில்லு.
அதற்கடியில் சிரட்டை.
பால் எங்கும் நின்று வழி கேட்கவில்லை.

பஸ்ஸில் வேர்க்கிளம்பி தாண்டுவதற்குள்
நிறுவனத்தின் கதையை அடித்தேன்.
விருதை அடித்தேன்.
சாம்பலைக் கறுப்பாக்கினேன்.
சமர்ப்பி இருந்த இடத்தில் 'எடை எழுது'.
பெருவிரல் அகலத்துக்கு இரண்டே பொத்தான்கள்.
தப்பாய் அழுத்தினால் 'திருத்தலாம்' என்றொரு வரி.
நெட் போனால் எழுதியது அங்கேயே காத்திருக்கும்,
கோடு திரும்பும்வரை.
"விருதையாவது விடு, ஓனர் கேட்பார்"
என்றான் பிரதீஷ்.
கேட்டார். மூன்று கூட்டம் நடந்தது.
விருது இப்போது அடியில், யாரும் போகாத மூலையில்.

நாற்பது நாள் கழித்து மறுபடி போனேன்,
கேன்வாஸ் ஷூ போட்டு, உப்புப் பொட்டலத்தோடு.
ஒரு கையில் வாளி;
மறுகைப் பெருவிரலால் எடை எழுதினாள்,
வண்டி கூப்பிட்டாள்,
போனை இடுப்பில் சொருகினாள்.
இருபது விநாடி இருக்கும்.

"மாத்தியிருக்கோம், பாத்தியளா?" என்றேன்.
நெற்றி விளக்கு என் பக்கம் திரும்பியது.
கண் கூசியது.
"எதை?
பண்டும் இப்படித்தானே கெடந்தது."