பதினான்காம் பிரிவு, உட்பிரிவு ஊ

இந்த அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
பல் மருத்துவருக்கும் வரிக் கணக்கருக்கும் நடுவில்
ஒரு சாம்பல் நிறக் கதவு, அவ்வளவுதான்.
பனிக் காலணியை வாசலில் கழற்றிவிட்டு
கம்பளிக் காலுறையோடு உள்ளே வரலாம்.
சீருடை வரக் கூடாது.
ரைமோ காவல்துறைதான், இங்கே அவருக்கும்
முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம்.
இரண்டு கேமரா, மூன்று மைக், ஒரு ஹெட்போன்.
முன்பு கயானியில் ஐஸ் ஹாக்கிக்கு ஒலிப்பதிவு செய்தவன்;
மட்டை பனியில் உரசுவதைக் கேட்டே
அடித்தது யாரென்று சொல்வேன்.
இப்போது
சொல்லுக்கு முன்னால் வரும் மூச்சைக் கேட்கிறேன்.

அந்தக் காலத்தில், சிர்க்கா சொல்வாள்,
ஒரு குழந்தை ஒன்பது பேரிடம் சொல்ல வேண்டும்.
ஆசிரியை, செவிலி, மருத்துவர், காவலர், இன்னொரு காவலர்.
சொல்லச் சொல்லக் கதை மெலியும்.
கடைசியில், முன்னுக்குப்பின் முரண் என்று
யாராவது ஒரு வக்கீல் எழுந்து நிற்பார்.
பிறகு அரசு ஒரு வரி எழுதியது:
குழந்தை ஒரு முறை சொன்னால் போதும்.
அந்த வரிக்குத்தான்
இத்தனை கம்பி, இத்தனை பஞ்சுச் சுவர், என் சம்பளம்.

நெறிமுறை நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஏன் என்று கேட்காதே.
யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதே.
நல்ல பிள்ளை என்று நடுவில் பாராட்டாதே,
அடுத்த வாக்கியத்தை உனக்காகச் சொல்லிவிடும்.
மௌனத்தை நிரப்பாதே.
அப்போதெல்லாம் சிர்க்கா நாற்காலியின் அடிப்பலகையை
விரல் வெளுக்கப் பிடித்திருப்பாள்.
எந்தக் கேமராவிலும் அது விழாது.

பிப்ரவரியில் அந்தப் பையன்.
ஏழு வயது. கோப்பில் எண்ணாக இருப்பவன்,
நானும் பெயர் சொல்லப்போவதில்லை.
ஒரு கையில் மட்டும் மஞ்சள் கையுறை, கழற்றவே இல்லை.
நாயின் பெயரைச் சொன்னான்.
மீனுக்காகத் துளையிட்ட ஏரியைச் சொன்னான்.
"பிறகு" என்றான்.
நின்றான்.
நான்கு நிமிடம்.
"பிறகு" என்றான்.
நின்றான்.

பயந்துவிட்டான் என்று ரைமோ பேனாவை மூடினார்.
நான் ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன்.
திரையில், பேச்சுக்கும் கீழே,
மெல்லிய பச்சைக் கோடு ஒன்று எழுந்து நின்றது.
பக்கத்துச் சமையலறையில் ஃப்ரிட்ஜ்.
தானாக ஓடும், தானாக ஓயும்.
அது ஓடும்போதெல்லாம் இவன் ஓய்ந்தான்.
வாசலில் வந்து நின்று
அணையாமல் உறுமும் வேன் ஒன்று
அவன் காதில் இருந்தது பிறகுதான் தெரியும்.

காலுறையோடு வழுக்கி ஓடி
பிளக்கைப் பிடுங்கினேன்.

சொன்னான்.
நாற்பத்தோரு நிமிடம்.
அதில் ஒரு சொல்லையும் இங்கே எழுத மாட்டேன்;
அவன் ஒரு முறை சொன்னது அது.

சாயங்காலம்
யாரோ வைத்திருந்த ஐஸ்கிரீம் உருகித்
தரையெல்லாம் வழிந்திருந்தது.
சிர்க்கா மண்டியிட்டுத் துடைத்தாள்.
துடைத்த இடத்தையே
வெகுநேரம் துடைத்தாள்.

மே மாதம் ஹெல்சிங்கியிலிருந்து படிவம்:
நெறிமுறை திருத்தப்படுகிறது,
தொழில்நுட்பப் பணியாளர் கருத்து மூன்று வரிக்குள்.
பையனை எழுதினேன், அழித்தேன்.
வேனை எழுதினேன், அழித்தேன்.
மிச்சம் அடுத்த ஆண்டு அச்சில் வந்தது:
விசாரணை நேரத்தில் அடுத்த அறையில்
தானாக இயங்கும் கருவி எதுவும்
மின் இணைப்பில் இருத்தலாகாது.

பயிற்சி வகுப்பில் ஓர் இளைஞன் சிரித்தான்.
ஃப்ரிட்ஜுக்கும் பிள்ளைக்கும் என்ன?
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடுகிறது அரசாங்கம் என்றான்.
எல்லோரோடும் நானும் சிரித்தேன்.

இரவு அந்தப் புத்தகத்தை
முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன்.
பக்கம் முப்பத்தேழு: அறையில் சிவப்பு வாளி வேண்டாம்.
பக்கம் ஐம்பது: பணியாளர் சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் வைக்கலாகாது.
பக்கம் எண்பத்திரண்டு: கழிவறையில்
எலுமிச்சை மணக்கும் சோப்பு தவிர்க்கப்பட வேண்டும்.

காரணம் எதற்கும் எழுதவில்லை.

எங்கள் கழிவறையில் எலுமிச்சைதான்.
காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன்.