முன்னால் நடப்பவன்

முந்நூற்றுப் பதினொன்றாம் சாலையில்
பதினோரு வருடம் கொடி ஆட்டியிருக்கிறேன்.
நூற்று நாற்பதில் வருகிறவன்
என்னைப் பார்ப்பதில்லை, துணியைப் பார்ப்பான்;
சில நாள் அதையும் இல்லை.
வண்டி போன பிறகு முகத்தில் அறையும் காற்று,
அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அதனால் போர்மேன் சொன்னபோது நம்பவில்லை:
"வெள்ளிக்கிழமை உம் அல் குவைன்.
ஒரு வண்டிக்கு முன்னால நடக்கணும்.
கொடி இதேதான்."

கொட்டகைக்குள் நின்றது.
தண்டவாளத்தோடு சண்டை போட்டுக்கொண்டு
ரோட்டுக்கு இறங்கிவிட்ட ரயில் எஞ்சின்.
பின்சக்கரம் என் உயரம், முழுக்க இரும்பு.
எங்கோ ஈர வயல்களில்
கதிரடிக்கும் பெட்டியை ஊர் ஊராக இழுத்ததாம்,
திருவிழா ராட்டினத்துக்கு விளக்குப் போட்டதாம்.
அர்பாப் ஏலத்தில் எடுத்திருக்கிறார்.
அவருடைய மற்ற கார்களெல்லாம் அதன் பக்கத்தில்
கரைந்துபோன சோப்புக்கட்டிகள்.

அந்த நாட்டில் அப்போது சட்டமாம்:
தானாக ஓடும் வண்டி என்றால்
சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் முன்னே நடக்க வேண்டும்,
குதிரைகள் மிரளக் கூடாது.
இந்த வண்டி பிறக்கும் முன்பே சட்டம் செத்துவிட்டது.
அர்பாபுக்கு அதில் கவலையில்லை.
குதிரைக்குத்தான் எங்கே போவது?

பாய்லருக்கு அருமைநாயகம் வந்தார், அஜ்மான் லாண்டரியிலிருந்து.
பதினெட்டு வருடம் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு
ஆவி கொடுத்த நாசரேத்துக்காரர்.
தர்பூசணி வாங்குவதுபோல்
வயிற்றைத் தட்டித் தட்டிக் காது வைத்தார்.
நிலக்கரி கிடைக்கவில்லை.
சீஷாக் கரி நாற்பது மூட்டை, உடைந்த பேலட் பலகை.
டேங்கரில் வந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திச் சொன்னார்:
"கடலைக் காய்ச்சி ஆவியாக்கி ஆறவச்சதுதானே இது?
ஒரு தடவை செத்துப் பிழைச்ச தண்ணி.
பயப்படாது."

ராத்திரி மூன்று மணிக்குப் பற்றவைத்தோம்.
ஐந்து மணிக்கு முள் அசைந்தது.
ஏழுக்குள் கொட்டகை முழுக்க
சூடான எண்ணெயும் ஆப்பிள் புகையிலையும் கலந்த வாசம்;
ஏதோ ஒரு மூட்டையில்
யாரோ மிச்சம் வைத்திருக்கிறார்கள்.
பெரிய சக்கரம் அரைச் சுற்று சுற்றி நின்றது,
மறந்ததை யோசிப்பதுபோல.
பிறகு சுற்றிற்று.

ஸ்டியரிங்கில் குல் ஜமான்.
சலாலா வரை டிரெய்லர் ஓட்டுகிறவர்
இருபது சுற்றுச் சுற்றினால் ஒரு சாண் திரும்பும் சங்கிலியை
பஷ்தோவில் வைதுகொண்டே வந்தார்.

நான் நடந்தேன்.
முதுகில் அதன் மூச்சு படும். ஹஸ், ஹஸ்.
பத்து டன் இரும்பு, ஆனால்
நான் எட்டு வைத்தால் எட்டு வைக்கும்.
அதற்குப் பின்னால் மஞ்சள், சிவப்பு, தங்க நிறத்தில்
உறுமிக்கொண்டு நாற்பது கார்கள்.
காயலை ஒட்டிய ரோட்டில்
நீர்க்காகம்கூட எங்களை முந்திப் போயிற்று.

பாதியில் ஷூ கயிறு அவிழ்ந்தது.

ஒரு நிமிஷம் யோசித்தேன்.
முந்நூற்றுப் பதினொன்றில் குனிந்தால் ஆள் காலி.
கொடியைத் தூக்கிப் பிடித்தேன். குனிந்தேன்.
பின்னால் அருமைநாயகம் எதையோ இழுத்தார்,
இரும்பு ஒரு பெருமூச்சோடு நின்றது.
கார்கள் ஒவ்வொன்றாக நின்றன.
ஹாரன் இல்லை.
கை நடுங்கியதால் முடிச்சு சரியாக விழவில்லை;
அவிழ்த்து மறுபடி கட்டினேன்.
மற்ற ஷூவையும் அவிழ்த்துக் கட்டினேன்,
அது நன்றாகத்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது
மேலேயிருந்து கரி அப்பிய முகத்தோடு
"ஆச்சா?" என்றார்.
"ஆச்சு."
விசிலை ஒரு தரம் அதிகமாகவே ஊதினார்.

சனிக்கிழமை பழைய இடம், பழைய வெயில்.
டைம் ஷீட்டில் எழுதியிருந்தார்கள்:
கொடி, நான்கு மணி நேரம்.