தூங்குவதற்கு இரண்டு பாதை

இந்தக் கெர்னலுக்குத் தூங்க இரண்டு வழி.
நினைவு முழுவதையும் வட்டில் கொட்டிவிட்டு
மூச்சை நிறுத்திக்கொள்ளும் அதே வேலை,
இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியது.
ஒன்றில் ஒன்பது வருடமாக ஆள் நடமாட்டமில்லை.

"இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றார் தார்சிஸ்.
"மண் சரிந்த அன்றைக்கு
குப்பனூர் வழியாகத்தானே மேலே வந்தாய்?"

வந்தேன்.
அங்கே பால்வண்டி ஓடுகிறது, சார்.
குழி விழுந்தால் திட்டுவதற்கு ஆள் இருக்கிறது.
இதில் விழுந்தால்
விழுந்த சத்தம்கூடக் கேட்காது.

யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடினேன்.
ஒருவருமில்லை.
ஒரு குறிப்பு மட்டும்:
'இது எப்படி ஓடுகிறதென்று எனக்கே தெரியாது. தொடாதீர்கள்.'
தொட்டேன்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வரி.

காரணம் எழுத உட்கார்ந்தபோது
ஏற்காடு முழுக்கக் கரண்ட் போனது.
பேட்டரி நான்கு சதவீதம்.
மிச்சமிருந்த வழியில்
தானாகவே இறங்கிப் போனது மடிக்கணினி.
ஜன்னல் கம்பிக்குள் கை விட்டதுபோல் மூடுபனி.
சில்வர் ஓக் எதுவும் தெரியவில்லை.

இரண்டரை மணிக்குப் பொத்தானை அழுத்தினேன்.
விட்ட இடத்திலேயே துடித்தது கர்சர்:
'இதை நீக்குகிறேன், ஏனென்றால்'

அதற்கு எல்லாம் நினைவிருந்தது.
ஏனென்றால் என்னவென்று
எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.